எசேக்கியேல் துளைத்த சுவர்: தீர்க்கதரிசனத்தை உள்ளான மாற்றத்துக்காக வாசிப்பது

கேள்வி: எசேக்கியேல், தானியேல், வெளிப்படுத்தின விசேஷம் என்றாலே எங்கள் சபையில் காலக்கணக்கும் யுத்தமும் அந்திக்கிறிஸ்துவும்தான். இவற்றை ஒருவருடைய உள்ளான மாற்றத்துக்கு வழிகாட்டியாக வாசிக்க முடியுமா? அப்படி வாசிப்பது வசனத்தை இஷ்டத்துக்கு வளைப்பதாகாதா? இதைக் கேட்டாலே வாக்குவாதம் வருகிறது.

பதில்:

முடியும், ஒரு நிபந்தனையோடு. தீர்க்கதரிசனம் முதலில் யாரைக் குற்றம் சாட்டியதோ, அவர்கள் நின்ற இடத்தில் நீங்கள் போய் நிற்க வேண்டும். தீர்க்கதரிசிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எதிரே இருப்பவர்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தால், காலக்கணக்கு போட்டாலும் சரி, கண்ணை மூடித் தியானித்தாலும் சரி, ஒன்றும் மாறப்போவதில்லை.

தீர்க்கதரிசனம் என்றால் முன்கூட்டியே வரும் செய்தி என்று நம் மனதில் பதிந்துவிட்டது. வேதாகமத்தைப் புரட்டினால் அது அவ்வளவு நேராக இல்லை. யோனா நினிவேக்குள் போய் அறிவித்தது ஒரே வரிதான்: இன்னும் நாற்பது நாள், அப்புறம் நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம். நாற்பது நாள் ஆனது, நினிவே அப்படியே இருந்தது. கணக்காகப் பார்த்தால் தீர்க்கதரிசனம் தவறிவிட்டது, யோனாவின் கோபமும் அதுதான். ஊர் மனந்திரும்பியதால் தண்டனை நின்றது என்று அந்தப் புஸ்தகம் சொல்கிறது. எரேமியா 18-ஆம் அதிகாரத்தில், குயவன் வீட்டில், இது ஒரு சட்டமாகவே வருகிறது: பிடுங்குவேன், இடிப்பேன் என்று நான் சொன்ன ஜாதி தன் பொல்லாப்பைவிட்டுத் திரும்பினால், அதற்குச் செய்ய நினைத்த தீங்கை நானும் விட்டுவிடுவேன்.

சகரியா 7-ஆம் அதிகாரம் இன்னும் நேரடியானது. தரியு ராஜாவின் நாலாம் வருஷம், அதாவது கி.மு. 518. பாபிலோனியர் இடித்த ஆலயத்தை மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆலயம் இடிந்ததை நினைத்து ஐந்தாம் மாதத்தில் அழுது உபவாசம் இருந்துவந்தோமே, இன்னும் இருக்க வேண்டுமா என்று சிலர் ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள். எரேமியா சொன்ன எழுபது வருஷம் முடியும் தறுவாயில் இருந்த காலம் அது. காலக்கணக்கு பேச இதைவிடப் பொருத்தமான வேளை வாய்க்காது. சகரியா தேதி எதுவும் சொல்லவில்லை. இந்த எழுபது வருஷமும் நீங்கள் உபவாசித்தது எனக்காகத்தானா என்று கர்த்தர் கேட்கிறார். அடுத்து, விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் பரதேசியையும் ஏழையையும் ஒடுக்காதீர்கள், ஒருவருக்கு விரோதமாக ஒருவர் இருதயத்தில் தீங்கு நினைக்காதீர்கள் என்கிறார். கேட்டது நாட்காட்டியைப் பற்றி, பதில் வந்தது இருதயத்தைப் பற்றி. தீர்க்கதரிசிகளிடம் கேள்வி கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

ஆகவே உள்ளான வாசிப்பைப் பிற்காலத்தில் யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியதாக நான் நினைக்கவில்லை. அது தீர்க்கதரிசிகளுக்குள்ளேயே இருக்கிறது. இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று எசேக்கியேல் 8 முதல் 14 வரை உள்ள பகுதி. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

எசேக்கியேல் ஆசாரியக் குடும்பத்தவர். கி.மு. 597-இல் யோயாக்கீன் ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களில் ஒருவர். கேபார் நதியோரத்தில் குடியிருந்தார். 592-இல் ஒருநாள் அவர் வீட்டில் யூதாவின் மூப்பர்கள் அவர்முன் உட்கார்ந்திருக்கும்போது தரிசனம் வருகிறது. தலைமயிரைப் பிடித்துத் தூக்கி எருசலேமுக்குக் கொண்டுபோவதாக உணர்கிறார். ஆலயம் அப்போது இன்னும் இடியவில்லை, அதற்கு இன்னும் ஐந்தாறு வருஷம் இருக்கிறது. பிராகாரத்துச் சுவரில் ஒரு துவாரம். ‘மனுபுத்திரனே, நீ சுவரிலே துவாரமிடு’ என்று சத்தம். துளைத்தால் உள்ளே ஒரு வாசல். வாசலுக்குள் இருட்டறை. சுவர் முழுக்க ஊரும் பிராணிகளும் அருவருப்பான மிருகங்களும் சித்திரமாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. எழுபது மூப்பர்கள் கையில் தூபகலசத்தோடு நிற்கிறார்கள். அவர்கள் நடுவில் சாப்பானின் குமாரன் யசனியா. யோசியா ராஜாவுக்கு நியாயப்பிரமாணப் புஸ்தகத்தை வாசித்துக் காட்டிய எழுத்தரின் பெயரும் சாப்பான்தான். இருவரும் ஒரே ஆள் என்றால், விக்கிரகங்களை ஒழித்த சீர்திருத்தத்தின் வீட்டுப் பிள்ளை இங்கே இருட்டில் தூபம் காட்டுகிறான். ‘கர்த்தர் எங்களைப் பார்க்கிறதில்லை’ என்பது அவர்கள் பேச்சு.

இன்னும் உள்ளே போனால், தம்மூசு என்ற பாபிலோனியத் தேவனுக்காக அழுதுகொண்டிருக்கும் ஸ்திரீகள். அதற்கும் உள்ளே, ஆலயத்துக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே சூரியனை நமஸ்கரிக்கும் சுமார் இருபத்தைந்து பேர். இதெல்லாம் வழிபாட்டு விவகாரம் என்று நினைக்கும்போதே, இவர்கள் தேசத்தைக் கொடுமையால் நிரப்பிவிட்டார்கள் என்று அடுத்த வசனம் சொல்கிறது. இருட்டறையில் நடப்பதும் தெருவில் நடப்பதும் ஒரே கணக்கில் எழுதப்படுகின்றன.

இந்தத் தரிசனத்தைக் கேட்டவர்கள் யார் என்று யோசியுங்கள். பாபிலோனில் எசேக்கியேல் வீட்டில் உட்கார்ந்திருந்த மூப்பர்கள். குற்றவாளிகளோ எருசலேமில் இருப்பவர்கள். கேட்டவர்களுக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்: நாம் அங்கே இல்லை, தப்பித்தோம். 14-ஆம் அதிகாரத்தில் மறுபடியும் மூப்பர்கள் வந்து அவர்முன் உட்காருகிறார்கள். இந்த முறை தூக்கிக்கொண்டு போகும் தரிசனம் எதுவும் இல்லை. இந்த மனுஷர் தங்கள் நரகலான விக்கிரகங்களைத் தங்கள் இருதயத்தில் நாட்டியிருக்கிறார்கள் என்று கர்த்தர் அவர்களைப் பார்த்தே சொல்கிறார். எருசலேம் சுவரில் இருந்த சித்திரம், கேட்டுக்கொண்டிருந்தவர்களின் நெஞ்சுக்குள் வந்துவிட்டது. வரலாற்றுச் செய்தியை உள்ளுக்குள் திருப்பிய முதல் வாசகர் எசேக்கியேலே. நாம் புதிதாக எதையும் வளைக்கத் தேவையில்லை, அவர் திருப்பிய திசையில் திரும்பினால் போதும்.

பின்னால் வந்தவர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். போப் மகா கிரகோரி, மேய்ப்பர்களுக்கு எழுதிய வழிகாட்டி நூலில், சுவரைத் துளைப்பது என்பது கடின மனதைக் கேள்விகளால் துருவிப் பார்ப்பது என்று விளக்குகிறார். 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் சிலுவையின் யோவான், ஆலயத்தில் எசேக்கியேல் கண்ட மூன்று காட்சிகளையும் ஆத்துமாவின் மூன்று பகுதிகளாக எடுத்துக்கொண்டார். சுவரில் ஊரும் பிராணிகள் புத்தியில் ஊரும் எண்ணங்கள், அழும் ஸ்திரீகள் சித்தத்தின் ஆசைகள், முதுகைக் காட்டி நிற்பவர்கள் நினைவில் பதிந்து கிடக்கும் பிம்பங்கள். இந்தப் பகுப்பு அப்படியே சரியா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அது அவர் காலத்து மனவியல். ஆனால் ‘கர்த்தர் பார்க்கிறதில்லை’ என்று நாம் நம்பிக்கொண்டு வைத்திருக்கும் அறை எது என்ற கேள்விக்கு எந்தக் காலத்து மனவியலும் தேவையில்லை.

எசேக்கியேலின் மீதிப் பாதையும் இதே திசைதான். 9-இல் நியாயத்தீர்ப்பு பரிசுத்த ஸ்தலத்திலிருந்து தொடங்குகிறது, அந்நிய ஜாதிகளிடமிருந்து இல்லை. 10, 11-இல் மகிமை ஆலயத்தைவிட்டு வெளியேறுகிறது. சிதறடிக்கப்பட்டவர்களுக்கு நானே கொஞ்சக் காலம் பரிசுத்த ஸ்தலமாயிருப்பேன் என்ற வாக்கும் அங்கேதான் வருகிறது. ஆலயம் போன பிறகுதான் 36-இல் கல்லான இருதயத்தை எடுத்துவிட்டுச் சதையான இருதயத்தைக் கொடுப்பேன் என்கிறார். 37-இல் உலர்ந்த எலும்புகள். 47-இல் புது ஆலயத்தின் வாசற்படியின் கீழிருந்து தண்ணீர் புறப்படுகிறது. ஆயிரம் முழத்துக்கு ஒருமுறை அளக்கிறார்கள்: முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால், அப்புறம் இடுப்பு, கடைசியில் நீந்தித்தான் கடக்க முடியும். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடமெல்லாம் பிழைக்கிறது. ஒரு விதிவிலக்கு: உளையான பள்ளங்கள் ஆரோக்கியமாகாமல் உப்பாகவே விடப்படுகின்றன. இந்த ஒரு வரியைப் பிரசங்கத்தில் யாரும் தொடுவதில்லை. எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது. ஜெபத்தில் எவ்வளவு ஆழம் போனவரிடமும் தண்ணீர் ஏறாத ஒரு மூலை இருக்கும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, இஷ்டத்துக்கு வளைப்பது பற்றி. அந்த அபாயம் உண்மையானதுதான். மிருகம் என்றால் கோபம், பத்துக் கொம்பு என்றால் பத்து இச்சை என்று சின்னத்துக்குச் சின்னம் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டே போகலாம், யாரும் தடுக்க முடியாது. ‘எந்தத் தீர்க்கதரிசனமும் சுயதோற்றமான பொருளையுடையதாயிராது’ என்ற 2 பேதுரு 1:20-ஐ உங்களிடம் யாராவது காட்டியிருப்பார்கள். அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். பொழுது விடிந்து விடிவெள்ளி உங்கள் இருதயங்களில் உதிக்குமளவும் தீர்க்கதரிசன வசனத்தை இருளான இடத்தில் பிரகாசிக்கிற விளக்காகக் கவனியுங்கள் என்று அங்கே இருக்கிறது. விடிய வேண்டிய இடம் இருதயம் என்று அப்போஸ்தலரே சொல்கிறார்.

ஆரம்பகால ஆசிரியர்களில் இதில் துணிச்சலானவர் ஒரிகேன். அலெக்சாந்திரியாவில் வளர்ந்தவர், கி.பி. 253 வாக்கில் இறந்தவர். எரேமியாவின் அழைப்பில் வரும் ‘பிடுங்கவும், இடிக்கவும், அழிக்கவும், கவிழ்க்கவும், கட்டவும், நாட்டவும்’ என்பதை அவர் ஆத்துமாவுக்குள் கொண்டுவந்தார். ஒவ்வொருவருக்குள்ளும் பாவத்தின் ராஜ்யங்கள் உண்டு, வார்த்தை முதலில் அவற்றை இடிக்கும், அதன் பிறகே கட்டும் என்று பிரசங்கித்தார். இடிப்பதற்கு நான்கு சொல், கட்டுவதற்கு இரண்டே சொல். ஒரிகேனிடம் ஒரு குறையும் உண்டு. உள்ளான அர்த்தம் கிடைத்துவிட்டால் நேர்ப்பொருளைச் சில இடங்களில் தூக்கிப் போட்டுவிடுவார். அவருக்குப் பின், 5-ஆம் நூற்றாண்டில் யோவான் காசியான் என்ற துறவி அதைச் சரிக்கட்டினார். எருசலேம் என்ற ஒரே பேருக்கு அவர் நான்கு அர்த்தம் சொன்னார்: வரலாற்றில் யூதர்களின் நகரம், இன்னொரு வகையில் கிறிஸ்துவின் சபை, வரப்போகும் பரம நகரம், நடைமுறை வாழ்க்கையில் மனுஷனுடைய ஆத்துமா. நான்கில் ஒன்று மற்றொன்றை விழுங்கக் கூடாது.

எதிர்காலத்தை இந்த வாசிப்பு ரத்து செய்துவிடும் என்று பயப்படுவோருக்கும் இதுதான் பதில். அகஸ்டின் ஒரு காலத்தில் கிறிஸ்துவின் ஆயிர வருஷ அரசாட்சியை நேர்ப்பொருளில் நம்பியவர். பிறகு வெளிப்படுத்தின விசேஷம் 20-இன் முதலாம் உயிர்த்தெழுதலை, பாவத்தில் மரித்த ஆத்துமா இப்போது எழும்புவதாக விளக்கினார். ஆனாலும் கடைசி நாளில் சரீரம் எழும்பும் என்பதை அவர் கைவிடவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துத் துறவி பெர்னார்டு கிறிஸ்துவின் மூன்று வருகைகளைப் பற்றிப் பிரசங்கித்தார். முதலாவது பெத்லகேமில், கடைசியாக மகிமையில், இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் ஒருவருக்குள் வரும் வருகை. நடு வருகையைப் பேசியதால் கடைசி வருகை காணாமல் போய்விடவில்லை.

நேர்ப்பொருளும் தேதியும் மட்டுமே என்று போனால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு நிறையச் சொல்கிறது. 1534-இல் ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரத்தைப் புதிய எருசலேம் என்று அறிவித்தவர்கள், அடுத்த வருஷம் பட்டினியிலும் இரத்தத்திலும் முடிந்தார்கள். தலைவர்களின் உடலைத் தொங்கவிட்ட இரும்புக் கூண்டுகள் அங்கே தேவாலயக் கோபுரத்தில் இன்னும் இருக்கின்றன. அமெரிக்காவில் வில்லியம் மில்லர், தானியேல் 8:14-இன் 2300 நாளை வருஷங்களாக எண்ணி, கிறிஸ்துவின் வருகையை 1843, 1844 ஆண்டுகளுக்குள் கொண்டுவந்தார். அவரைப் பின்பற்றியவர்கள் கடைசியாகக் குறித்த நாள் 1844 அக்டோபர் 22. ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள், விடிந்தது 23.

அதற்காக உள்ளான வாசிப்பு பத்திரமானது என்றும் சொல்ல மாட்டேன். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஆட்டுக்குட்டியானவரின் யுத்தம் நெஞ்சுக்குள் நடக்கிறது என்று போதித்தார்கள். அவர்களில் பெரிய பிரசங்கியான ஜேம்ஸ் நெய்லர், 1656 அக்டோபரில், ஆட்கள் ‘பரிசுத்தர்’ என்று பாட, கிறிஸ்து எருசலேமுக்குள் வந்ததுபோலக் குதிரையில் பிரிஸ்டல் நகருக்குள் போனார். தனக்குள் இருக்கும் கிறிஸ்துவுக்கு ஓர் அடையாளமாகத்தான் செய்தேன் என்றார். பாராளுமன்றம் தேவதூஷணம் என்று தீர்த்து, நெற்றியில் சூடுபோட்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் நாக்கைத் துளைத்தது. தண்டனை கொடூரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ‘எனக்குள்’ என்பது எந்த இடத்தில் ‘நானே’ என்று கேட்கத் தொடங்குகிறது என்பதைக் கவனிக்க, கூடவே யாராவது வேண்டும். தனியாகச் செய்ய வேண்டிய வாசிப்பு இல்லை இது.

இதைவிடச் சத்தமில்லாத அபாயம் ஒன்று உண்டு, அதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஆமோஸ் ஒரு ஜோடு பாதரட்சைக்கு எளியவனை விற்கிறார்கள் என்று கத்தினதை, ‘என் உள்ளத்தின் வறுமை’ என்று மென்மையாக்கிவிடுவது. ஆமோஸ் பேசினது கள்ளத் தராசையும் கோதுமை விலையையும் பற்றி. உள்ளான வாசிப்பு அந்தத் தராசைக் கடையிலிருந்து எடுத்துத் தியான அறையில் வைத்துவிட்டால், அது ஆமோசுக்கே எதிரான வாசிப்பு. ஏசாயா 58-இல் உபவாசத்துக்கு வைத்த சோதனை எந்தத் தியானத்துக்கும் பொருந்தும்: வேலைக்காரனை வாட்டுகிறாயா, பசித்தவனுக்கு உன் அப்பத்தைப் பகிர்ந்தாயா? ஒருவர் எசேக்கியேலை வாசித்து மாறியிருக்கிறாரா என்பதை அவர் வீட்டில் வேலைசெய்கிறவரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

மறுபக்கம், உள்ளான வாசிப்பு என்றாலே உலகத்தைவிட்டு ஒதுங்குவது என்பாரும் உண்டு. அவர்களுக்கு நான் மறுபடியும் கிரகோரியைத்தான் காட்டுவேன். கி.பி. 593 வாக்கில் லொம்பார்டு ராஜா அகிலுல்ப் ரோமை நெருக்கிக்கொண்டிருந்தபோது அவர் மக்களுக்கு எசேக்கியேலைப் பிரசங்கித்தார். 40-ஆம் அதிகாரத்தின் ஆலய அளவுகளை, வாசல் வாசலாக, படி படியாக ஆத்துமாவின் வளர்ச்சியாக விளக்கினார். கடைசிப் பிரசங்கத்தில், சிலர் கை வெட்டப்பட்டுத் திரும்பி வருகிறார்கள், சிலர் சிறைப்பட்டார்கள், சிலர் மாண்டார்கள், இனி என்னால் தொடர முடியாது என்று நிறுத்திக்கொள்கிறார். அகதிகளுக்குச் சோறு போட்டு, எதிரியோடு சமாதானம் பேசிய மனுஷனும் அவர்தான்.

வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றிக் கொஞ்சம். ஏழு மலைகளின்மேல் உட்கார்ந்திருக்கிற ஸ்திரீ என்று சொன்னதும் முதல் வாசகர்களுக்கு ரோம் புரிந்திருக்கும். அந்த வரலாற்றை விடக் கூடாது. ஆனால் அந்தப் புஸ்தகமே ஒரு நகரத்தை ‘ஞானார்த்தமாய்’ சோதோம் என்றும் எகிப்து என்றும் அழைக்கிறது (11:8). ஊர்ப்பெயரை உள்நிலைக்குப் பெயராக வைக்கும் உரிமையை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். 18-ஆம் அதிகாரத்தில் பாபிலோனின் சரக்குப் பட்டியல் வருகிறது. பொன், வெள்ளி, முத்து, இரத்தாம்பரம், பட்டு, யானைத்தந்தம், இலவங்கப்பட்டை, மாவு, கோதுமை, ஆடுமாடு, குதிரை, கடைசியில் மனுஷருடைய ஆத்துமாக்கள். பட்டியலில் பெரும்பாலானவை நல்ல பொருட்கள்தான். கடைசி வரியோடு அவை ஒரே சந்தையில் விற்கப்படுவதுதான் பிரச்சினை. ‘என் ஜனங்களே, அவளைவிட்டு வெளியே வாருங்கள்’ என்பது பாபிலோனியரைப் பார்த்துச் சொன்னதல்ல. சபையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் சொன்னது.

இன்னொன்று. சாபமெல்லாம் இஸ்ரவேலுக்கு, ஆசீர்வாதமெல்லாம் சபைக்கு என்று பிரித்து வாசித்த கிறிஸ்தவப் பழக்கம் யூதர்களுக்குச் செய்த தீங்கு கொஞ்சநஞ்சமல்ல. உள்ளான வாசிப்பை ஒழுங்காகச் செய்தால் அந்தப் பிரிப்பு நிற்காது. ஓசியா 2-இல் தண்டிக்கப்படுகிறவளும் வனாந்தரத்துக்கு அழைத்துப் போய்ப் பட்சமாய்ப் பேசப்படுகிறவளும் ஒருத்தியே. தண்டனையை ஏற்றுக்கொள்ளாமல் வாக்குத்தத்தத்தை மட்டும் சுவரில் மாட்டிக்கொள்ள முடியாது. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளைப் பற்றி எனக்குள்ள சங்கடமும் இதுதான், ஆனால் அது தனிக் கதை.

எங்கே தொடங்கலாம் என்றால், தானியேல் 7 முதல் 12 வரையில் வேண்டாம். யோனா, ஓசியா 1 முதல் 3, பிறகு எசேக்கியேல் 8 முதல் 14. முதலில் யார், எப்போது, யாரிடம் சொன்னார் என்பதை நல்ல விளக்கவுரை ஒன்றை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்டவர்களின் இடத்தில் நின்று மெதுவாக வாசியுங்கள். சின்னங்களைவிடக் கட்டளைகளில் அதிக நேரம் செலவிடுங்கள்: துவாரமிடு, திரும்புங்கள், உங்கள் தரிசு நிலத்தைப் பண்படுத்துங்கள். எந்த வசனத்தில் வேறு யாருடைய முகமாவது நினைவுக்கு வருகிறதோ, அங்கே நிறுத்தி மறுபடி வாசியுங்கள். அந்த இடத்தில்தான் நீங்கள் தீர்க்கதரிசியின் பக்கம் தாவியிருப்பீர்கள்.

வாக்குவாதம் பற்றிச் சொன்னீர்கள். இதே வாக்குவாதம் 3-ஆம் நூற்றாண்டு எகிப்தில் நடந்திருக்கிறது. நேப்போஸ் என்ற ஆயர், வெளிப்படுத்தின விசேஷத்தை நேர்ப்பொருளில் வாசித்து, பூமியில் ஆயிர வருஷ இன்பம் வரும் என்று புஸ்தகம் எழுதி, ஆவிக்குரிய பொருள் சொல்கிறவர்களைக் கண்டித்தார். அவர் இறந்த பிறகு அர்சினோயே பகுதியில் சபைகளே பிளந்தன. அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியு எதிர்க்கட்சி. அவர் கடிதத்தில் கண்டனம் அனுப்பிவிட்டு இருந்துவிடவில்லை, நேரில் போனார். கிராமத்து மூப்பர்களையும் போதகர்களையும் கூட்டி, மூன்று நாள் காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்து அந்தப் புஸ்தகத்தை வரிவரியாகப் பேசினார். நேப்போசின் விசுவாசத்தையும் அவர் இயற்றிய, சகோதரர்கள் விரும்பிப் பாடிய பாட்டுகளையும் மனதாரப் புகழ்ந்தார். வெளிப்படுத்தின விசேஷத்தில் தனக்குப் புரியாதது நிறைய உண்டு, அதனால் அதைத் தள்ளிவிட மாட்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். யூசேபியுவின் சபை வரலாற்றில் ஏழாம் புத்தகத்தில் அவர் எழுதிய இந்தப் பகுதி இருக்கிறது. கேட்டவர்கள் பிடிவாதம் பிடிக்காமல், சந்தேகங்களை ஒழுங்காக எழுப்பி, நிரூபணமானதை ஒத்துக்கொண்டார்கள் என்று அவர்களைத்தான் தியோனீசியு அங்கே பாராட்டுகிறார். மூன்றாம் நாள் முடிவில் நேப்போசின் பக்கத் தலைவரான கொராக்கியோன் எல்லார் முன்னும் எழுந்து, இனி இந்தப் போதனையைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டேன் என்று ஒத்துக்கொண்டார். உங்கள் சபையில் மூன்று நாள் கிடைக்காது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கேட்டுப் பாருங்கள், எசேக்கியேல் 14-ஐ எடுத்துக்கொண்டு போங்கள்.